குறைமாதக் குழந்தையும் தொடும் கையும்



மனிதனுக்கு ஐம்புலன்கள் உண்டு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். மெய், வாய், கண், மூக்கு, செவி என்று அவற்றை அடுக்கிச் சொல்லும்போது மெய்யைத்தான் முதலில் சொல்லுகிறோம். தொல்காப்பியரும் உயிர்களை அறிவின் அளவால் வகுக்கும்போது, தொட்டு அறியும் உணர்வையே ஓரறிவாக முதற்படியில் வைத்தார். இன்றைய கருவியல் ஆராய்ச்சியும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. தாயின் வயிற்றில் வளரும் கருவுக்கு முதன்முதலாக விழிப்பது தொடு உணர்ச்சிதான். கருவுற்று இரண்டு மாதம் ஆகும் அளவிலேயே உதட்டைச் சுற்றி அந்த உணர்ச்சி தோன்றிவிடுகிறது. கேட்கும் புலன் அதற்குப் பல வாரங்கள் கழித்து வருகிறது. பார்வை எல்லாவற்றுக்கும் கடைசி.

ஆகவே, மாதம் நிறையுமுன்னே பிறந்து, கண்ணை நன்றாகத் திறக்கவும் பாலைச் சப்பிக் குடிக்கவும் வலுவில்லாமல் கிடக்கும் ஒரு குழந்தைக்கு, உலகத்தோடு இருக்கும் முதல் உறவு தோலின் வழியாகத்தான். அந்தத் தோலைத் தொடலாமா, கூடாதா? தொடலாம் என்றால் யார் தொடுவது, எப்படித் தொடுவது? கடந்த ஒரு நூற்றாண்டுக் காலத்தில் மருத்துவ உலகம் இந்தக் கேள்விக்கு முதலில் ஒரு விடை சொல்லி, பிறகு அதை மாற்றிக்கொண்டது. அந்த மாற்றத்தின் வரலாறுதான் இன்றைய பேச்சு. இது எங்கோ நடந்த கதை அல்ல. ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டிமார் செய்துவந்த ஒரு காரியத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது ஜொகூரின் காடுகள் வேகமாகத் தோட்டங்களாயின. 1909-ஆம் ஆண்டில் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையில் ரயில் பாதை நிறைவு பெற்றது. அந்தப் பாதையை ஒட்டி சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாக ஆண்களும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். கப்பலில் அவர்கள் கொண்டுவந்த மூட்டை சிறியது. ஆனால் பிரசவம் பார்க்கும் முறையும், பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும் முறையும் மூட்டையில் கட்டாமலே கூட வந்தன.

லயத்து வீட்டில் பிரசவம் என்றால் தோட்டத்து மருத்துவச்சிதான் கதி. பிள்ளை பிறந்த சில நாட்களில் எண்ணெய்க் குளியல் தொடங்கும். வயதான அம்மாள் ஒருவர் தரையில் அமர்ந்து இரண்டு கால்களையும் நீட்டிக்கொள்வார். நீட்டிய கால்களின் மேல் குழந்தை படுத்திருக்கும். உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, மார்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து விரல் நுனிக்கு, தொடையிலிருந்து பாதத்துக்கு என்று நீளமாக உருவிவிடுவார். பிறகு இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கொண்டுவந்து விரிப்பார். முழங்காலை மடக்கி வயிற்றை நோக்கிக் கொண்டுபோய் மெல்ல நீட்டுவார். கடைசியில் வெந்நீர், துவட்டல், சாம்பிராணிப் புகை, பால், தூக்கம். பக்கத்துக் கம்பத்தில் மலாய்க் குடும்பங்களின் பீடானும் இதே போலத் தாயையும் சேயையும் நீவிவிடுவார். பிரசவித்த தாய்க்கு அங்கே 44 நாள் பத்தியம். மொழி வேறு, மதம் வேறு. ஆனால் பிறந்த உடம்பைக் கையால் பேண வேண்டும் என்ற எண்ணத்தில் இரு வீட்டாரும் ஒன்றாகவே இருந்தார்கள்.

மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைக்கு இது பொருந்தியது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் நிலைமை வேறு. அத்தகைய பிள்ளைகள் தோட்டங்களில் மிகுதியாகவே பிறந்தன. மலேரியாக் காய்ச்சல், கொக்கிப்புழு, அவற்றால் வரும் இரத்தச் சோகை, கர்ப்ப காலத்திலும் ஓயாத வெட்டு வேலை ஆகியவை அதற்குக் காரணங்கள். கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் பிள்ளை எடை குறைந்தோ மாதம் குறைந்தோ பிறக்கும் என்பது இன்று ஐயமறத் தெரிந்த உண்மை. அப்படிப் பிறந்த பிள்ளையைப் பஞ்சில் பொதிந்து, அடுப்பின் கதகதப்பில் வைத்து, திரியில் பாலை நனைத்து ஊட்டிப் பார்ப்பார்கள். பிழைத்தவை சில, போனவை பல.

“ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது” என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லுவதுண்டு. இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. பழங்கிரேக்க மருத்துவ நூல்களிலும் எட்டு மாதக் குழந்தையைப் பற்றி இதே கருத்து இருக்கிறது. ஆனால் இது உண்மையல்ல. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடுதலாக இருக்க இருக்கக் குழந்தையின் நுரையீரல் முதிர்கிறது, தோல் தடிக்கிறது, உடம்பில் கொழுப்புச் சேருகிறது. எட்டாம் மாதத்துப் பிள்ளைக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், பழைய வழக்கங்களில் பொன்னும் உண்டு, பதரும் உண்டு. எது பொன், எது பதர் என்று பார்க்க ஒரு முறம் வேண்டும். இந்த வரலாறு முழுவதும் அந்த முறத்தைத் தேடிய வரலாறுதான்.

இனிப் பாரிஸ் நகரத்துக்குப் போவோம். அங்கே ஸ்டெஃபான் டார்னியே என்ற பிரசவ மருத்துவர் மிருகக்காட்சிச் சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் வெப்பப் பெட்டியைக் கண்டார். இதே போன்ற பெட்டியில் குறைமாதக் குழந்தையை ஏன் வைக்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. 1880-ஐ ஒட்டிப் பாரிஸ் பிரசவ விடுதியில் அத்தகைய பெட்டிகள் வந்தன. 2,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளில் நூற்றுக்கு 66 பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு 38 ஆகக் குறைந்தது. இன்குபேட்டரின் பிறப்பு இதுதான். அடுப்பங்கரைக் கதகதப்பு அளவும் ஒழுங்கும் பெற்றது என்று சொல்லலாம்.

டார்னியேயின் மாணவர் பியேர் புடேன் ஒரு படி மேலே போனார். 1900-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் அவர் வெப்பம், தாய்ப்பால், தொற்று நோய்த் தடுப்பு ஆகியவற்றை விளக்கினார். அத்தோடு இன்னொன்றையும் கண்டு சொன்னார். குழந்தையைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தாயை வீட்டுக்கு அனுப்பினால், அந்தத் தாய்க்குக் குழந்தையின் மேலுள்ள பிடிப்பே தளர்ந்துவிடுகிறது. சிலர் திரும்ப வருவதே இல்லை. ஆகவே தாயைக் குழந்தையின் பக்கத்திலேயே வைத்திருங்கள், பால் கொடுக்கச் செய்யுங்கள் என்று அவர் வற்புறுத்தினார். நல்ல யோசனைதான். ஆனால் உலகம் பெட்டியை எடுத்துக்கொண்டு யோசனையை விட்டுவிட்டது.

அமெரிக்காவில் அந்தப் பெட்டிக்கு வாய்த்த வாழ்வு வேடிக்கையானது. மார்ட்டின் கூனி என்பவர் நியூயார்க்கின் கோனி தீவுக் கேளிக்கைப் பூங்காவில் 1903 முதல் 1943 வரை இன்குபேட்டர் குழந்தைகளைக் காட்சிக்கு வைத்தார். மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் காசில் குழந்தைகளுக்கு வைத்தியம் நடந்தது. பெற்றோரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. பெரும்பாலான மருத்துவமனைகளில் இந்தக் குழந்தைகளுக்கு இடமே இல்லாத காலம் அது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அந்தக் காட்சிக் கூடத்தில் பிழைத்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

பிறகு மருத்துவமனைகளே இந்தப் பொறுப்பை ஏற்றன. சிகாகோவில் ஜூலியஸ் ஹெஸ் 1922-இல் குறைமாதக் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு அமைத்தார். அவரும் அவர் காலத்தவரும் வகுத்த விதிகளில் முக்கியமான ஒன்று: குழந்தையை மிகக் குறைவாகத் தொடு. இந்த விதி கல்நெஞ்சத்தால் பிறந்ததன்று. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம். ஒரு தாதியின் கையிலிருந்து வரும் கிருமி ஓர் அறையையே காலி செய்துவிடும். தூக்கினால் குழந்தை குளிர்ந்துபோகும். அழுதால் இருக்கும் கொஞ்சச் சக்தியும் செலவாகும். ஆகவே தொடாதிருப்பதே கருணை என்று எண்ணினார்கள். கதவு அடைக்கப்பட்டது. தாய் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று, பெயர்ச் சீட்டைப் பார்த்துத் தன் குழந்தை எது என்று அறிந்துகொண்டாள். பிரிட்டிஷ் மருத்துவ மரபில் வளர்ந்த நாடுகளுக்கும் இந்தக் கண்ணாடிச் சுவர் வந்தது.

இதே காலத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1940-களில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுத்தார்கள். மூச்சுத் திணறும் குழந்தைக்கு இதைவிட நல்லது என்ன இருக்க முடியும்? ஆனால் குழந்தைகள் கண் பார்வையை இழக்கத் தொடங்கின. உலகம் முழுவதும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் குருடான பிறகு, 1950-களில் நடந்த முறையான சோதனைகள்தான் அளவுக்கு மீறிய பிராணவாயுவே காரணம் என்று காட்டின. நல்லெண்ணம் வேறு, நன்மை வேறு. இரண்டும் ஒன்றுதானா என்று சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. இந்தப் பாடம் பெட்டிக்கும் பொருந்தும். பாட்டியின் கைக்கும் பொருந்தும்.

கண்ணாடிச் சுவரில் முதல் விரிசல் 1960-களில் விழுந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் தாய்மாரைக் கைகழுவச் செய்து, மேலங்கி அணிவித்து, குறைமாதக் குழந்தைகளின் அறைக்குள் அனுமதித்துப் பார்த்தார்கள். 1970-இல் வெளிவந்த அவர்கள் அறிக்கை, அதனால் தொற்று நோய் பெருகவில்லை என்று சொன்னது. எழுபது ஆண்டுகளுக்கு முன் புடேன் சொன்னதற்கு இப்போதுதான் வழி திறந்தது.

அதே பத்தாண்டில் இன்னொரு திசையிலிருந்து ஒரு செய்தி வந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க் என்ற அறிஞர் எலிக்குஞ்சுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். தாயிடமிருந்து பிரித்த குஞ்சுகளின் உடம்பில் வளர்ச்சிக்கு வேண்டிய ஒரு நொதி குறைந்துபோவதைக் கண்டார். உணவு கொடுத்தும் பயனில்லை. சூடு கொடுத்தும் பயனில்லை. தாய் எலி நாக்கால் நக்குவதைப் போல ஈரமான தூரிகையால் அழுத்தி வருடியபோதுதான் அந்த நொதி பழைய அளவுக்கு உயர்ந்தது. தொடுதல் என்பது வெறும் கொஞ்சல் அல்ல. வளர் என்று உடம்புக்குக் கொடுக்கும் கட்டளை என்பது தெரிந்தது.

இந்த ஆராய்ச்சியை அறிந்தவர் மயாமி பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் டிஃபானி ஃபீல்டு. எலிக்குப் பொருந்துவது மனிதக் குழந்தைக்கும் பொருந்துமா என்று பார்க்க அவரும் அவருடைய குழுவினரும் 40 குறைமாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சராசரியாக 31 வாரத்தில் பிறந்து, 1,280 கிராம் எடை இருந்த குழந்தைகள் அவை. தீவிர சிகிச்சைக் கட்டத்தைத் தாண்டி, எடை ஏறுவதற்காகக் காத்திருந்தவை. பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மீதிப் பேருக்கு அதோடு நாள்தோறும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், 10 நாட்களுக்குக் கைச் சிகிச்சை.

அந்தப் 15 நிமிடம் எப்படிச் செலவாயிற்று என்பதைக் கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். இன்குபேட்டரின் பக்கத் துவாரங்கள் வழியாகக் கையை விட்டு, முதல் 5 நிமிடம் குப்புறக் கிடக்கும் குழந்தையின் தலை, கழுத்து, தோள், முதுகு, கால், கை என்று மெதுவாக நீவினார்கள். அடுத்த 5 நிமிடம் குழந்தையை மல்லாத்தி, ஒவ்வொரு கையாக, ஒவ்வொரு காலாக, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டினார்கள். கடைசி 5 நிமிடம் மறுபடியும் நீவுதல். சுருங்கச் சொன்னால், லயத்துத் திண்ணையில் கால் நீட்டி அமர்ந்த அம்மாள் செய்ததை, எண்ணெயும் வெந்நீரும் இல்லாமல், கடிகாரத்தைப் பார்த்துச் செய்தார்கள்.

1986-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்த குழந்தைகள் நாளொன்றுக்குச் சராசரி 17 கிராம் எடை ஏறின. நீவிவிடப்பட்ட குழந்தைகள் 25 கிராம் ஏறின. நூற்றுக்கு 47 பங்கு அதிகம். அவை கூடுதலாகப் பால் குடிக்கவும் இல்லை. விழித்திருக்கும்போது அதிகச் சுறுசுறுப்பாக இருந்தன. 6 நாட்கள் முன்னதாகவே வீட்டுக்குப் போயின. ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறத்தாழ 3,000 அமெரிக்க டாலர் செலவு மிச்சமாயிற்று.

இது எப்படி நடக்கிறது? வயிற்றையும் குடலையும் இயக்கும் வேகஸ் என்ற நரம்பு மிதமான அழுத்தத்தால் தூண்டப்படுகிறது, அதனால் செரிமானம் சீராகிறது என்று பிந்திய ஆய்வுகள் காட்டின. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இறகால் வருடுவது போன்ற மிக மெல்லிய தொடுகை குழந்தைக்குக் கூச்சத்தையே தருகிறது; அதனால் எடை ஏறுவதில்லை. அமுக்கிப் பிசைவதோ தீங்கு. இரண்டுக்கும் நடுவில் உள்ள உறுதியான, மெதுவான நீவுதலே பயன் தருகிறது.

கைகால்களை மடக்கி நீட்டுவதன் பயன் பிறகு தனியாக ஆராயப்பட்டது. தாய் வயிற்றில் கடைசி மூன்று மாதங்களில்தான் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி சேருகிறது. அந்தக் காலத்தில் குழந்தை கருப்பையின் சுவரை உதைத்துக்கொண்டே இருக்கிறது. அந்த உதைதான் எலும்புக்குப் பயிற்சி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு உதைக்கச் சுவர் இல்லை. மெத்தையில் அசையாமல் கிடப்பதால் எலும்பு மெலிகிறது. 1995-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்த ஆய்வில், நாளுக்குச் சில நிமிடம் ஒவ்வொரு மூட்டையும் மென்மையாக மடக்கி நீட்டிய குழந்தைகளுக்கு எடையும் எலும்பின் உறுதியும் கூடின. பிறர் கை அங்கே கருப்பைச் சுவரின் வேலையைச் செய்தது.

மேலை நாட்டு ஆராய்ச்சிக்கும் நம் வழக்கத்துக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. ஃபிரெடரிக் லெபோயே என்ற பிரெஞ்சு மருத்துவர் கல்கத்தாவில் ஓர் ஏழைத் தாய் தெருவோரத்தில் அமர்ந்து தன் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைக் கண்டு வியந்தார். அந்தத் தாயின் பெயரையே தலைப்பாக்கி 1976-இல் ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். ஐரோப்பியத் தாய்மார் பலர் குழந்தையை நீவிவிடக் கற்றது அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான்.

வரலாறு கிழக்கிலும் தெற்கிலும் எழுதப்பட்டது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோடா நகரத்து மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடந்தன. ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றியது. 1978-இல் எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்போடு மார்பாகக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். ஹெக்டர் மார்ட்டினெஸ் அவருக்குத் துணை நின்றார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதைப் போன்றதால் கங்காரு முறை என்று பெயர் வந்தது. பெட்டி இல்லாத ஏழை நாட்டின் மாற்று வழி என்று முதலில் கருதப்பட்ட அந்த முறை, பிறகு பணக்கார நாடுகளுக்கும் பரவியது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைக்கப்பட்ட எடை குறைந்த குழந்தைகளில் நூற்றுக்கு 12 பேர் இறந்தார்கள்; முதலில் வழக்கமான சிகிச்சையும் பிறகு மட்டுமே கங்காரு முறையும் பெற்றவர்களில் ஏறத்தாழ 16 பேர் இறந்தார்கள். 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் பிறந்த உடனேயே இம்முறையைத் தொடங்கும்படி அறிவுரை கூறியது.

எண்ணெயைப் பற்றியும் சோதனை நடந்தது. வங்காள தேசத்தின் டாக்கா நகரத்துச் சிறுவர் மருத்துவமனையில் 33 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெயை மெதுவாகத் தடவினார்கள். மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் நூற்றுக்கு 41 பங்கு குறைந்தன என்று 2005-இல் அறிவித்தார்கள். குறைமாதக் குழந்தையின் தோல் மிக மெல்லிய காகிதம் போன்றது. நீரும் வெப்பமும் அதன் வழியே கசிந்து போகும், கிருமி உள்ளே வரும். தகுந்த எண்ணெய் அந்தத் தோலுக்கு ஒரு மேற்பூச்சாக நிற்கிறது. அதே ஆண்டில் மும்பையில் வெளியான ஆய்வில் தேங்காய் எண்ணெய் தேய்த்து நீவிய குறைமாதக் குழந்தைகளுக்கு எடை நன்றாக ஏறியது. ஆனால் வட இந்தியாவிலும் வங்கத்திலும் வழக்கத்திலுள்ள கடுகு எண்ணெய் தோலுக்குக் கேடு செய்வது தெரியவந்தது. முறத்தில் பொன்னும் பதரும் பிரிந்துவிட்டன, பார்த்தீர்களா?

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்புரை, நீவுவதால் நாளுக்கு ஏறத்தாழ 5 கிராம் எடை கூடுகிறது, மருத்துவமனையில் தங்கும் காலம் நான்கைந்து நாள் குறைகிறது என்று கணக்கிட்டது. ஆனால் பல ஆய்வுகள் சிறியவை, அவற்றை நடத்திய முறையில் குறைகள் உள்ளன, எனவே தாதியர் நேரத்தை இதற்கெனப் பெருமளவில் ஒதுக்கச் சொல்ல இந்தச் சான்று போதாது என்றும் அது எச்சரித்தது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தாதிக்கு நேரமில்லை என்றால் தாய்க்கு நேரம் இருக்கிறது. தாய்க்குக் கற்றுக்கொடுத்தால் போதும்.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1957-இல் மலாயா விடுதலை பெற்றபோது பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 75 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1980-இல் அது ஏறத்தாழ 24 ஆயிற்று. இன்று 10-க்கும் குறைவு. கிராமச் சுகாதார நிலையங்கள், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், தடுப்பூசி, நல்ல குடிநீர் ஆகியவற்றால் விளைந்த நன்மை இது. 1966-ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம் பிரசவம் பார்ப்போரைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. தோட்டத்து லயங்களிலிருந்து குடும்பங்கள் ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங், உலு திராம் என்று இடம் பெயர்ந்தன. பிரசவம் லயத்து அறையை விட்டு மருத்துவமனைக்குப் போயிற்று. ஜொகூர் பாருவில் நீரிணையை நோக்கி நிற்கும் சுல்தானா அமினா மருத்துவமனையும், பிறகு வந்த சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் எத்தனையோ குடும்பங்களின் நினைவில் நிற்கும் பெயர்கள்.

அந்த மாற்றத்தில் நாம் பெற்றது மிகப் பெரிது. ஆனால் ஒன்றை நழுவவிட்டோம். பாட்டியின் கையை மருத்துவமனை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். கையின் அறிவு பழையது, ஆகவே பயனற்றது என்று எண்ணிவிட்டோம். இன்று அந்த வாசல் மெல்லத் திறந்திருக்கிறது. 1998-க்குள் மலேசிய அரசு மருத்துவமனைகள் தாய்ப்பாலைப் பேணும் குழந்தை நல மருத்துவமனைகளாக அங்கீகாரம் பெற்றன. பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் கங்காரு முறை வழக்கத்துக்கு வந்திருக்கிறது. பாரம்பரிய மருத்துவத்தை அரசு மருத்துவமனைக்குள் கொண்டுவரும் முதல் முயற்சிக்குத் தேர்ந்தெடுத்த மூன்று மருத்துவமனைகளில் ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் ஒன்று. 2008-இல் அங்கே அந்தப் பிரிவு தொடங்கியது; பெரியவர்களின் வலிக்கும், பிரசவித்த தாய்மாரின் உடல் நலத்துக்கும் மலாய்ப் பாரம்பரிய நீவுதல் அங்கே இடம் பெற்றது. 2016-இல் பாரம்பரிய மருத்துவத்துக்கென்றே தனிச் சட்டமும் வந்தது. பழைய கை இப்போது பயிற்சியும் பதிவும் பெற்று உள்ளே வருகிறது.

நேயர்களே, உங்கள் வீட்டில் குறைமாதக் குழந்தை பிறந்தால் செய்ய வேண்டியதையும் செய்யக்கூடாததையும் சுருக்கமாகச் சொல்லுகிறேன். மூச்சுக்கும் இதயத்துக்கும் கருவி பொருத்தி இருக்கும் நாட்களில் நீவுதல் என்ற பேச்சே கூடாது. அப்போது கையைக் கழுவிக்கொண்டு, தாதியைக் கேட்டு, தலையில் ஒரு கையும் காலடியில் ஒரு கையும் அசையாமல் வைத்திருந்தாலே போதும். மருத்துவர் இசைந்ததும் கங்காரு முறையைத் தொடங்குங்கள். தகப்பனாரும் அதைச் செய்யலாம். குழந்தை நிலைபெற்று எடை ஏறத் தொடங்கிய பிறகு, நீவும் முறையைத் தாதியிடமோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடமோ கற்றுக்கொண்டு செய்யுங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள், நகத்தை வெட்டுங்கள். பால் குடித்த உடனே செய்யாதீர்கள். குழந்தை முகம் சுளித்தாலோ, விக்கினாலோ, நிறம் மாறினாலோ உடனே நிறுத்துங்கள்.

மூக்கிலும் காதிலும் தொண்டையிலும் எண்ணெய் விடும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும்; தென்னிந்தியாவில் குழந்தைகளை இழந்து கற்ற பாடம் இது. மூக்கைப் பிடித்து நீட்டுவது, தலையை அமுக்கி வடிவம் கொடுப்பது வேண்டவே வேண்டாம். கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலங்கள் குழந்தைக்கு ஆகா. நம் நாட்டில் ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைவுள்ள குழந்தைகள் எல்லா இனத்திலும் பிறக்கிறார்கள். அதற்காகவே பிறந்த உடன் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்குக் கற்பூரத் தைலமும், துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையும் கடுமையான மஞ்சள் காமாலையை வரவழைக்கக் கூடும்.

உலகில் இன்று பத்துக் குழந்தைகளில் ஒன்று மாதம் நிறையுமுன் பிறக்கிறது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் அத்தகைய குழந்தைகள் 1 கோடியே 34 லட்சம். இவர்களில் ஒவ்வொருவருக்கும் பின்னால், நான் எதைத் தவறவிட்டேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டு நிற்கும் ஒரு தாய் இருக்கிறாள். கருவிகள் செய்யும் வேலையை அவளால் செய்ய முடியாது. ஆனால் கருவிகளால் செய்ய முடியாத ஒரு வேலை அவளுக்கு இருக்கிறது என்று சொன்னால் அவளுக்கும் தெம்பு வரும். குழந்தையைத் தொடுவதைப் பெற்றோர் அடையும் இன்பமாக வள்ளுவர் கண்டார். அது குழந்தைக்கு உணவைப் போலவும் மருந்தைப் போலவும் உதவுகிறது என்று ஆராய்ச்சி இன்று சொல்லுகிறது.

பெட்டி குழந்தையைக் காப்பாற்றியது. அதற்கு நன்றி சொல்லுவோம். கை குழந்தையை வளர்க்கிறது, அதையும் மறவாதிருப்போம். மருத்துவர் சொல்லும் நேரத்தில், கற்றுக்கொண்ட முறையில், கழுவிய கையால் தொடும் தாய்க்கு அறிவியலும் துணை, மரபும் துணை.